அம்மப்பாவின் சுங்கானுக்குப் பூண் போட்ட நாட்குறிப்பு

2024 ஜூன் 16, மட்டக்களப்பு

கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கி இரண்டு கிழமையாகிறது. மாரி முழுவதும் ஊதிப்போய், இழுத்தாலும் வராதிருந்த அலுமாரிக் கதவு இப்போது யாரும் தொடாமலே திறந்துகொள்கிறது. முதிரைப் பலகை என்றாலும் இந்தக் காற்றுக்குத் தப்பாது. அப்படித் தானே திறந்த கதவுக்குள் இன்று காலை கண்ணில் பட்ட தகரப் பேணியை இறக்கி, அம்மப்பா புகையிலை புகைத்த சுங்கானை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு கையில் எடுத்தேன். காம்பைச் சுற்றி அவர் கட்டியிருந்த தங்கூசி என்னும் மீன்பிடி நூல் தளர்ந்திருந்தது. அதை விலக்கிப் பார்த்தபோது, முன்பு மயிர்க்கோடாகத் தெரிந்த வெடிப்பு பிளேட்டின் முனை நுழையும் அளவுக்கு வாய் திறந்து, காம்பின் விளிம்பிலிருந்து கிண்ணத்தை நோக்கி 14 மில்லிமீற்றர் ஓடியிருந்தது.

நான் புகைப்பதில்லை, எங்கள் வீட்டில் இப்போது எவரும் புகைப்பதில்லை. மூடிவைத்திருந்தால் அது இன்னும் பல காலம் அப்படியே கிடந்திருக்கும். ஆனால் அந்த வெடிப்பு யாரால் வந்ததென்று எனக்குத் தெரியும் என்பதால், பேணியை மறுபடி மேல்தட்டில் வைக்க மனம் வரவில்லை.

ஜூன் 17

சுங்கான் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை அம்மாவிடம் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டேன். 1949இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கியபோது அம்மப்பா இங்கினியாகலையில் களஞ்சியக் கிளாக்கராகச் சேர்ந்தார். அணைக்கட்டைக் கட்டியது மொரிசன்-நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். இங்கினியாகலை இருக்கும் அம்பாறை அந்நாளில் தனி மாவட்டமன்று. 1961இல் பிரிக்கப்படும்வரை அது மட்டக்களப்பு மாவட்டத்தோடுதான் இருந்தது. ஐரிஷ் வம்சத்தைச் சேர்ந்த மெக்கானிக் ஒருவர் வேலை முடிந்து ஊர் திரும்பும்போது, தன் பாட்டனாரின் சுங்கானை அம்மப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். பாட்டனாருடையதை ஏன் இங்கே விட்டுப்போனார் என்று அம்மப்பாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கிண்ணத்தின் முன்புறத்தில் மூன்று இலை சேர்ந்த கொத்தொன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அது அயர்லாந்தின் அடையாளமான ஷாம்ரொக். நம் வேலியோரப் புளியாரையை ஒத்தது. எங்கள் அம்மம்மா அதை வில்வம் என்று நினைத்து, சிவனுக்குச் சாத்துகிற இலையில் புகையிலை நெருப்பைப் போடுவது அடாத செயல் என்று வெகுநாள் சண்டை பிடித்திருக்கிறார். இந்த இலையும் யாழும் செதுக்கிய கருமரச் சாமான்களை அயர்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் பயணிகளுக்கு ஏராளமாகச் செய்து விற்றார்கள் என்பதால், மெக்கானிக்கின் பாட்டனார் கதை பொருந்தித்தான் வருகிறது. இளவரசர் அல்பேர்ட் 1861இல் இறந்து விக்டோரியா மகாராணி துக்கம் காத்த காலத்தில், கறுப்பாக இருந்த ஒரே காரணத்துக்காக இந்த மரத்தில் துக்க நகைகளும் செய்யப்பட்டன.

ஜூன் 20

பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைக் கருங்காலி என்கிறார்கள். இது கருங்காலியன்று, ஓக் மரம். ஓக் இயல்பில் வெளிர் கபில நிறமுடையது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் விழுந்து, பீற் என்னும் கரிச்சேற்றில் புதைந்துபோன ஓக்தான் இப்படிக் கறுக்கும். அந்தச் சேற்றுநீர் புளிப்பானது, பிராணவாயு அற்றது; ஆகவே மரத்தை அழிக்கும் பூஞ்சணம் அங்கே பிழைக்க முடியாது. அழுகாமல் கிடக்கும் காலத்தில் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள் நீரில் கரைந்துள்ள இரும்போடு கூடிக் கறுப்பாகிறது. வாழைக்காயை இரும்புக் கத்தியால் வெட்டினால் கத்தி கறுப்பது இதே வினையால்தான். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம்மவர்கள் மை காய்ச்சியதும் இதை அறிந்துதான். எங்கள் சமையலறையில் ஐந்து நிமிடத்தில் நடப்பது அந்தச் சேற்றுக்குள் பல ஆயிரம் ஆண்டுகளில் மரத்தின் உள்வயிரம்வரை நடந்திருக்கிறது, அவ்வளவே.

பெல்பாஸ்ற் ஆய்வாளர்களும் ஜேர்மன் ஆய்வாளர்களும் பழைய ஓக் மரங்களின் ஆண்டு வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி, 7272 ஆண்டுகளுக்கு இடையறாத வரிசை ஒன்றை 1984இல் வெளியிட்டார்கள். அந்த வரிசையின் தொன்மையான பகுதிகளில் இவ்வாறு சேற்றில் கிடைத்த மரங்களும் உண்டு. காம்பின் அறுத்த முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். 15 மில்லிமீற்றர் அகலத்துக்குள் ஒன்பது வளையங்கள் எண்ண முடிந்தது. எந்த ஒன்பது மழைக்காலங்களோ.

ஜூன் 23

வாய்க்குழல் காம்பில் இறுகிக் கிடந்தது. முறுக்கினால் வெடிப்பு கிண்ணம்வரை ஓடிவிடும். அம்மா வெந்நீரில் போடச் சொன்னார். நான் அதற்கு மாறாக, பொலித்தீன் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில் அரை மணித்தியாலம் வைத்தேன். வாய்க்குழல் எபனைற் என்னும் கந்தகமிட்டு இறுக்கிய றப்பரால் ஆனது. குளிரில் அது மரத்தைவிட அதிகமாகச் சுருங்கும். வெளியே எடுத்து, காம்பை மற்றக் கையால் அமர்த்திப் பிடித்து, ஒரே திசையில் மெல்லத் திருப்பியபோது, காம்புக்குள் செருகியிருந்த அதன் கழுந்து “டக்” என்று கழன்று வந்தது. கூடவே வந்த மணம் அம்மாவை அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வரவழைத்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு முந்திய புகையிலை.

ஜூன் 30

இந்தக் கிழமை முழுவதும் துப்புரவு செய்வதில் கழிந்தது. கிண்ணத்துக்குள் படிந்திருந்த கரி ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் தடிப்பம். ஒரு மில்லிமீற்றர் கரி மரத்தைத் தீயிலிருந்து காக்கும்; அதற்கு மேல் போனால் சூட்டில் கரி விரிந்து கிண்ணத்தையே பிளக்கும். பேனாக்கத்தியின் மழுங்கிய முனையால் சுரண்டி ஒரு மில்லிமீற்றரில் நிறுத்தினேன்.

உட்துளையைக் கழுவச் சாராயம் போதும் என்று அயல்வீட்டு நண்பர் யோசனை சொன்னார். நம்முடைய சாராயத்தில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் தண்ணீர். தண்ணீர்தான் இந்த மரத்துக்கு ஆகாதது. மருந்தகத்தில் வாங்கிய ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்து, ஈர்க்கில் சுற்றி, பஞ்சு வெள்ளையாகத் திரும்பும்வரை இழுத்தேன். 31 முறை.

வாய்க்குழல் வெயில் பட்டுப் பாசி நிறமாகியிருந்தது. 400, 800, 1000, 2000 என வரிசையாக வோட்டர் பேப்பரில் நீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க, வெடி கொளுத்திய முற்றம் போலக் கந்தக நெடி எழுந்தது. பல் பதிந்த பள்ளங்களை வெந்நீரில் பிடித்தபோது, அவற்றில் ஆழம் குறைந்தவை தாமாகவே மேலெழுந்து மறைந்தன. எபனைற்றுக்குத் தன் பழைய வடிவம் நினைவிருக்கும். இடது பக்கத்து ஆழமான பல்தடம் ஒன்று மட்டும் மாறவில்லை. அதை நிரப்பவில்லை.

ஜூலை 7

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழுதுபார்க்கும் கடையில் இதைக் கொடுத்திருந்தேன். அவர்கள் தங்கூசியை அவிழ்க்காமலே மேலாகச் சுப்பர் குளூவை ஊற்றித் திருப்பித் தந்தார்கள். வெடிப்புக்குள் எதுவும் இறங்கவில்லை. நூலின் மேல் வெண்பொருக்கு மட்டும் படிந்தது. நகப்பூச்சு அழிக்கும் அசற்றோனைக் குச்சி முனையில் தொட்டு, அந்தப் பொருக்கை இளக்கி எடுக்க இரண்டு மாலைகள் ஆயின. தங்கூசி பதினொரு சுற்று. அவிழ்த்த இடத்தில் மரத்தின் மேல் பதினொரு மெல்லிய வரிகள் பதிந்திருக்கின்றன. நூலைச் சுருட்டித் தீப்பெட்டிக்குள் வைத்தேன்.

ஜூலை 10

இதையும் எழுதிவிட வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு ஒன்பது வயது. ஓடெல்லாம் பறந்து, அலுமாரி கவிழ்ந்து, மழை நீரில் இந்தச் சுங்கான் ஓர் இரவும் பகலும் ஊறிக் கிடந்தது. அப்போது அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் வந்த நாளில், உடுப்பும் புத்தகமும் காயப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு உதவுகிறேன் என்று, சுங்கானை எடுத்து விழுந்து கிடந்த தகரத்தின் மேல் உச்சி வெயிலில் வைத்தவன் நான். பின்னேரம் எடுக்கப் போனபோது காம்பு வெடித்திருந்தது.

சேற்றிலிருந்து தோண்டியெடுத்த ஓக்கைத் தொழிலாளர்கள் நிழலில் ஆண்டுக்கணக்கில் உலர்த்துவார்கள் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் வாசித்தேன். சாதாரண ஓக்கைவிட அது அதிகமாகச் சுருங்கும். மேற்புறம் முந்திக் காய்ந்து உட்புறம் ஈரமாக இருந்தால் பிளந்தே தீரும். அம்மப்பா என்னை ஏசவில்லை. ஆற்றங்கரைக்குப் போய்த் தங்கூசி வாங்கி வந்து, என்னையே ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லிச் சுற்றினார். 1984இல் காலமாகும்வரை அந்தக் கட்டோடுதான் புகைத்தார்.

ஜூலை 21

வெறும் பசை நிற்காது, காம்புக்கு வளையம் போட்டாக வேண்டும். ஊரில் எஞ்சியிருக்கும் பழைய தட்டார்களில் ஒருவரிடம் கொண்டுபோனேன். எண்பதை நெருங்கிய கிழவர். சுங்கானைக் காதருகே வைத்து நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, “உலக்கைக்குப் போடுற பூண்தானே மனே” என்றார். மாரி தொடங்கி மரம் ஊதி வெடிப்புத் தானே மூடிய பிறகு போட்டால் இலகுவாக இருக்குமே, ஐயா என்று கேட்டேன்.

“மாரியில போட்டா அடுத்த கச்சானுக்குக் கழண்டு விழும். மரம் ஒடுங்கிக் கிடக்கிற நேரத்திலதான் பூண் போடணும். பிறகு அது ஊத ஊதத் தானே இறுகும்.”

எட்டாம் வகுப்பு விஞ்ஞானம் முப்பது வருடம் படிப்பித்தவன் நான், இதை யோசிக்கவில்லை.

வெள்ளிக்கு அம்மம்மாவின் சுண்ணாம்புக் கரண்டகத்தில் தொங்கிய அறுந்த சங்கிலியை அம்மா எடுத்துத் தந்தார். கரண்டகத்தைத் தரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். வெடிப்பை நூலால் இறுக்கி மூடிக் காகித நாடாவால் அளந்தபோது காம்பின் சுற்றளவு 47 மில்லிமீற்றர், அதாவது விட்டம் ஏறத்தாழ 15. பூணின் உள்விட்டம் 14.9 ஆகவும் தகட்டின் தடிப்பம் 0.6 ஆகவும் இருக்கத் தீர்மானித்தோம். தகட்டை வெட்டும் நீளம் உள்விட்டத்தோடு தடிப்பத்தையும் கூட்டிக் கணக்கிட வேண்டியது, அது 48.7 வந்தது. நான் கடதாசியில் கணக்குப் போட்டு முடிக்கும்முன் கிழவர் செப்புக் கம்பியொன்றை வளைத்துப் பார்த்து அதே அளவில் கீறிவிட்டார்.

ஓகஸ்ட் 4

இன்று ஆடி அமாவாசை, மாமாங்கக் கோயிலில் தீர்த்தம். பட்டறை பூட்டு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போய், அப்பாவுக்கும் அம்மப்பாவுக்கும் நீர் விட்டு வந்தோம். சனத்துக்குள் கிழவரைக் கண்டேன். ஈரத் தலையோடு, “ஞாயிறு கழிச்சு வா” என்றார்.

ஓகஸ்ட் 12

பட்டறையில் மூன்று மணித்தியாலம். முதலில் வெடிப்பு முடியும் இடத்தில், அது மேலும் ஓடாதபடி, கைத்துறப்பணத்தால் 0.8 மில்லிமீற்றரில் ஒரு துளை இட்டார். ஓடும் வெடிப்பு கூர்முனையால்தான் ஓடும். துளையில் முனை உருண்டையாகிவிடுவதால் அங்கே நின்றுவிடும். பின்பு நீர் போன்ற மெல்லிய பசையை ஊசி முனையால் தொட்டு வைத்தேன். வெடிப்பு அதைத் தானே உள்ளே உறிஞ்சிக்கொண்டது. துளைக்குள், காம்பின் உட்பக்கத்தில் சுரண்டிய கருந்தூளையே பசையோடு குழைத்து அடைத்தோம்.

பூணைச் சுடவைத்தால் விரிந்து இலகுவாக ஏறும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். நூறு பாகை சூடேற்றினாலும் இந்த அளவு வெள்ளி வளையம் 0.03 மில்லிமீற்றர் கூட விரியாது. தலைமயிரின் தடிப்பத்தில் பாதியுமில்லை. அதை நம்பாமல் கிழவர் காம்பின் விளிம்பைக் கண்ணுக்குத் தெரியாத சாய்வில் அராவினார். வளையத்தை விளிம்பில் வைத்து, மேலே புளியங்கட்டையை வைத்து, சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஓசை மாறியது. முதலில் ஓட்டையான ஓசை, பிறகு நிறைந்த ஓசை. நிறுத்த வேண்டிய இடத்தை அவர் காதால்தான் அறிந்தார்.

பூணின் அகலம் 9 மில்லிமீற்றர். தங்கூசி வரிகளில் எட்டு அதன் கீழ் மறைந்தன, மூன்று வெளியே தெரிகின்றன. “இதையும் தேய்ச்சு விடவா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னவர்கள் பலர். அது உலராது, நாளடைவில் காறும், தூசி பிடிக்கும். காட்டுத் தேனெடுப்பவர்களிடம் வாங்கிய தேன்மெழுகைத் துணியில் தடவி, கை சூடேறும்வரை தேய்த்ததே போதுமாயிருந்தது.

டிசம்பர் 8

கடந்த மாதக் கடைசியில் பெய்த மழையில் வாவி நிறைந்து தெருவரை வந்து வடிந்தது. அலுமாரிக் கதவு மறுபடி ஊதி இறுகிவிட்டது. முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்துத்தான் திறந்தேன். பூணுக்கும் மரத்துக்கும் இடையில், ஓகஸ்டில் ஒரு பக்கம் மட்டும் பிளேட் முனை தொட இடமிருந்தது. இன்று சிகரெட் தாள் கூட நுழையவில்லை. வெடிப்பு இருந்த கோட்டை விரல் நுனியால் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அடைத்த துளை மட்டும் கடுகளவாய்த் தெரிகிறது.

காம்பின் துளையும் ஒடுங்கியிருக்கிறது. வாய்க்குழல் பாதிக் கழுந்தோடு நின்றது. அழுத்தவில்லை. அதைக் கழற்றிப் பேணிக்குள் பக்கத்தில் வைத்தேன். கச்சானுக்கு மாட்டலாம். அம்மா கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, தங்கூசி எங்கே என்று கேட்டார். தீப்பெட்டியைக் காட்டினேன். அதையும் பேணிக்குள் வைக்கச் சொன்னார்.