ஒன்பது வாரமாக அதே 86.4

காலையில் பல் துலக்கும் முன்பே நிறை பார்க்கும் மெஷினில் ஏறிவிடுவேன். 86.4 கிலோ. இறங்கி, அதைச் சுவரோரம் தள்ளிவைத்து மறுபடி ஏறுவேன். அதே 86.4. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் தரை சமமில்லை என்றுகூட ஒருநாள் பழி போட்டேன்.

நிறை குறைக்கும் ஸ்லீவ் சத்திரசிகிச்சைக்குப் போனபோது நான் 112 கிலோ. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற குழாயாக விடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெருமளவு சுரப்பதும் வெட்டிய பகுதியில்தான் என்பதால், முதல் மாதங்களில் பசி என்றால் என்னவென்றே மறந்திருந்தேன். மூன்றாம் வாரம் நிறை சில நாள் நின்றது; அது உடம்பு தண்ணீரைப் பிடித்துவைப்பதால் என்றார் வைத்தியர். தானாகவே சரியாயிற்று.

எட்டாம் மாதம் 86.4 இல் நின்றது வேறு மாதிரி. நான் செய்த முதல் முட்டாள்தனம், இன்னும் குறைத்துச் சாப்பிட்டது. இரவு ஒரு இடியப்பத்தைப் பாதியாக்கினேன். மரைன் டிரைவில் நடக்கும்போது தலை சுற்றியதுதான் மிச்சம். மச்சாள் வேறு, “வெட்டிய வயிறு பழையபடி பெருத்துவிட்டது போல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரத்தப் பரிசோதனையில் தைரொயிட், பி12 எல்லாம் சரியாகவே இருந்தன. போசணை ஆலோசகரான சின்னப் பெண் ஒரு கொப்பியைத் தந்தாள். “அன்ரி, ஒரு கிழமைக்கு வாயில் போகிற எல்லாவற்றையும் எழுதுங்கள். உப்புப் பார்ப்பதையும்.”

எழுதிப் பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது. சாப்பாடு என்று உட்கார்ந்து சாப்பிட்டது கோழிக்குஞ்சு கொத்தும் அளவு. இடையில் போனதுதான் கணக்கு: நாளுக்கு ஐந்து பிளேன்ரீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி, கூடவே நனைத்துத் தின்ன இரண்டு மாரி பிஸ்கட். மகன் மிச்சம் வைத்த ரோல்ஸின் நுனி. சீனி மட்டும் 160 கலோரிக்குக் குறையாது. புரதமோ 40 கிராமைத் தாண்டவில்லை. குறைந்தது 60 கிராம் வேண்டுமாம்.

“அவித்த முட்டை வயிற்றில் தங்கும். நனைத்த பிஸ்கட் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் உங்களுக்கு நிறைந்ததே தெரியவில்லை” என்றாள். 112 கிலோவைச் சுமந்த உடம்பு எரித்த அளவை 86 கிலோ உடம்பு எரிக்காது என்பதையும் அவள் சொல்லித்தான் யோசித்தேன்.

அதன்பிறகு தட்டில் முதலில் மீன் அல்லது முட்டை, பிறகு பருப்பு, இடம் இருந்தால் மட்டும் இடியப்பம். சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குத் தண்ணீர் கிடையாது. 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கையில் பிடித்து வாரம் மூன்று நாள் தூக்கி இறக்கினேன். இவை எல்லாம் பழகிவிட்டன. சீனி இல்லாத பிளேன்ரீதான் பழகவில்லை. முதல் மூன்று நாள் கசாயம் குடிப்பது போல மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்ட பிறகு ஏதோ இறங்குகிறது.

நிறை அசைய மேலும் மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் தையல்கார அக்கா சட்டைக்கு அளவெடுத்துவிட்டு நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடுப்பில் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது.

இப்போது 81.3. இரண்டு வாரமாக அதிலேயே நிற்கிறது. கொப்பியை மறுபடி மேசைக்கு எடுத்து வந்திருக்கிறேன்; இன்று காலை எழுதிய முதல் வரி, ஒரு முறுக்கு.