ஷெவெல்லுக்கு ஓவர்டிரைவ்: டர்போ 350-இலிருந்து 200-4ஆர் வரை

1970 ஷெவர்லே ஷெவெல்லின் 350 இன்ஜின் ஓடத் தொடங்கியதிலிருந்து என் கவனமெல்லாம் கியர்பாக்ஸின் மேல்தான். காரோடு வந்த டர்போ 350 தானியங்கிக் கியர்பாக்ஸ் நல்ல உழைப்பாளி. ஆனால் மூன்றே கியர், மூன்றாவது 1.00. பின் ஆக்ஸில் விகிதம் 3.73, டயர் 26 அங்குலம். மணிக்கு 65 மைலில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,100 சுற்றைத் தாண்டிவிடுகிறது. கால் மைல் பந்தயத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நெடுஞ்சாலைப் பயணத்துக்கு ஆகாது. ஆக்ஸிலை 3.08 ஆக்கினால் சத்தம் அடங்கும், சிக்னலிலிருந்து பாயும் வேகமும் அடங்கிவிடும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. மிச்சமிருந்த வழி ஓவர்டிரைவ், அதாவது விகிதம் 1.00-க்கும் கீழே உள்ள நான்காவது கியர் கொண்ட கியர்பாக்ஸ்.

அந்த வகையில் 4எல்80இ மிக வலுவானது. ஆனால் எடை அதிகம், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேண்டும். கார்புரேட்டர் வைத்த இந்தச் சாதாரண இன்ஜினுக்கு அத்தனை தேவையில்லை.

பலரும் பரிந்துரைப்பது 700ஆர்4. அதன் முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63. 5,500 சுற்றில் கியர் மாறினால் இன்ஜின் 2,900-க்குப் பக்கத்தில் போய் விழும். என் கேம் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) உயிர்பெறுவதே 3,000-க்கு மேல்தான். நான் தேர்ந்தெடுத்த 200-4ஆரில் நான்கு கியர்களும் 2.74, 1.57, 1.00, 0.67. அதே மாற்றத்தில் 3,150-இல் நிற்கும். என்னைப் பொறுத்தவரை தேர்வை முடிவுசெய்தது இந்த இடைவெளிதான். குதிரைத்திறன் தாங்கும் அளவை மட்டும் வைத்துக் கியர்பாக்ஸ் வாங்குவது சரியல்ல என்று உறுதியாகச் சொல்வேன். வலிமையிலும் இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ப்யூக் கிராண்ட் நேஷனலின் டர்போ வி6 இன்ஜினுக்குப் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்தது இதைத்தான். நான் வாங்கியது வலுவான உள்பாகங்களுடன் புதுப்பித்த ஒன்று.

பொருத்துவது எளிதாகவே இருந்தது. குட்டை வால் கொண்ட டர்போ 350-உம் இதுவும் ஏறத்தாழ ஒரே நீளம், வெளித்தண்டில் அதே 27 பற்கள். பழைய டிரைவ் ஷாஃப்டே போதும். தாங்கும் குறுக்குச் சட்டத்தை மட்டும் பின்னால் நகர்த்தினேன்.

நேரத்தை விழுங்கியது டிவி கேபிள், அதாவது த்ராட்டிலையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ‘த்ராட்டில் வால்வ்’ கேபிள். தோற்றத்தைப் பார்த்து இது கியர் இறக்கும் கேபிள் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே எண்ணெய் அழுத்தத்தையே இதுதான் நிர்ணயிக்கிறது. தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து கிளட்ச் வழுக்கும், வெகு சீக்கிரம் கருகிவிடும். த்ராட்டில் முழுதாகத் திறக்கும்போது கேபிளும் முழுதாக இழுபட வேண்டும். அதற்கேற்ற கோணத்தைத் தரும் தாங்கியைக் கார்புரேட்டரில் பொருத்தி, அழுத்தமானியை இணைத்து, முள் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகே சாலையில் இறக்கினேன்.

இப்போது 65 மைலில் 2,100 சுற்றுக்குச் சற்று மேல்தான், ஜன்னலைத் திறந்துவைத்தே பேச முடிகிறது. இன்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கன்வெர்ட்டர் 2,400 சுற்று ஸ்டால், அதாவது கார் நகராமல் நிற்கும்போது இன்ஜின் ஏறக்கூடிய உச்சச் சுற்று அது. கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்கப்பை இன்னும் இணைக்கவில்லை. அது பூட்டாத வரை நெடுஞ்சாலையில் கன்வெர்ட்டர் வழுக்கிச் சூடு ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே அடுத்து நான்காம் கியர் அழுத்த ஸ்விட்சுக்கு ஒயர் இழுக்க வேண்டும், ரேடியேட்டருக்கு முன்னால் தனி எண்ணெய்க் குளிரூட்டி வைக்க வேண்டும்.