தட்டுக்கழியும் பிளாஸ்டிக் நாற்காலியும்

12.10.2024, சனி. விஜயதசமி

பரதநாட்டிய வகுப்புக்குப் புதுசாக நாலு பிள்ளைகள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தட்சிணை. கும்பிட்டதும் நிற்க வைத்து முதல் காலடிப் பாடம், தட்டடவு முதல் வகை, ‘தெய்யா தெய்’. எல்லா வருஷமும் நானும் முன்னால் நின்று முழங்காலைப் பாதி மடக்கி அரைமண்டி போடுவேன். இந்த வருஷம் பிளாஸ்டிக் நாற்காலி. வலது முழங்காலில் சவ்வு கிழிந்து எட்டு மாதம் ஆகிறது. ‘முழுமண்டியை மறந்துடுங்க, அரைமண்டியும் வேணாம்’ என்றார் டாக்டர். இருபத்தாறு வருஷம் ஆடின காலுக்கு ஒன்றரை நிமிஷத்தில் தீர்ப்பு.

‘மிஸ், நீங்க மட்டும் ஏன் உக்காந்திருக்கீங்க?’ என்றது ஒரு பொடிசு.

‘தாளம் போட.’ பொய்யில்லையே.

26.10.2024, சனி

பெரிய பிள்ளைகள் ஏழு பேர் நாட்டடவு போட்டார்கள். நாட்டியாரம்பத்தில், அதாவது கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் தொடக்க நிலையில், முழங்கை தோளுக்கு நேராக நிற்க வேண்டும். வலது சரி. இடது, ஏழு பேருக்கும் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. ஒருத்திக்கு என்றால் சோம்பல் என்று திட்டலாம். ஏழு பேருக்கும் ஒரே அளவு என்றால்?

‘இடது கையில என்ன தண்ணிக்குடமா?’ என்று என் வாத்தியார் பத்து வருஷம் என்னைக் கேட்டிருக்கிறார். சரியாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். நான் முதுகைக் காட்டி முன்னால் நின்று ஆட, பின்னால் நின்றவர்கள் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதுகில் கண் இருந்தால்தானே எனக்குத் தெரியும்.

கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவிக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில் நட்டுவனார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அறுபதைத் தாண்டியவர். பழைய நட்டுவனார்கள், அதாவது நடன ஆசான்கள், தட்டுப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, சொல்லாலும் கழியாலும் பாடம் நடத்தியதை வயசுக்குக் கிடைத்த சலுகை என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். உட்கார்ந்தால்தான் ஏழு முழங்கையும் ஒரே பார்வையில் விழுகிறது.

10.11.2024, ஞாயிறு

டிசம்பர் நிகழ்ச்சிக்கு, கச்சேரியைத் தொடங்கும் உருப்படியான அலாரிப்பு, மிஸ்ரத்தில். ‘தகிட தகதிமி’, மூன்றும் நாலும் ஏழு. ஒருத்தி ஆடுகிற உருப்படியை ஏழு பேருக்குப் பிரிக்கிறேன். முதலில் ஏழு பேரையும் ஒன்றாக அட்டமி, அதாவது கழுத்தசைவு, செய்ய வைத்தேன். கடை வாசலில் தலையாட்டும் பொம்மைகள் போல இருந்தது. அந்த யோசனையை அடித்துவிட்டேன். இப்போது ஆளுக்கு ஓர் எண்ணிக்கை: கழுத்து இடக்கோடியில் தொடங்கி ஏழாவது ஆளிடம் போய் முடிகிறது. அடுத்த சுற்றில் திரும்பி வருகிறது.

எழுந்து நின்று பார்க்க முடியாததால் கூடத்தில் ஏழு புளியங்கொட்டை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, ‘பல்லாங்குழிக்கு இன்னும் நிறைய வேணும்டி’ என்றாள்.

30.11.2024, சனி

ஃபெஞ்சல் புயல். வகுப்பு போனில். வீடியோவில் என் ‘தெய்’க்கு அவர்கள் கால் அரை நொடி கழித்து விழுகிறது, ஆளுக்கொரு அரை நொடி. படத்தை அணைக்கச் சொல்லிவிட்டு வாயாலேயே நடத்தினேன். ‘இடது முழங்கையில யாரோ கயிறு கட்டி மேல இழுக்கறாங்க.’ இத்தனை வருஷத்தில் எந்த அடவையும் நான் இப்படி வார்த்தையில் சொல்லிப் பார்த்ததில்லை. ‘இந்தா, இப்படி’ என்று ஆடிக் காட்டினால் வேலை முடிந்துவிடும் அல்லவா.

07.12.2024, சனி

ஒரு அம்மா போன் செய்தார். ‘அரையாண்டுப் பரீட்சை மிஸ், பத்தாவது. அவங்கப்பா கோவிச்சுக்கிறார்.’ ஏழாவது ஆள் போயாச்சு. வலக்கோடி.

நானே நிற்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கழுத்துக்கும் கண்ணுக்கும் முழங்கால் எதற்கு? ராத்திரி யாரும் பார்க்காதபோது கூடத்தில் ஒரு முறை அரைமண்டி போட்டுப் பார்த்தேன். அப்புறம் ஐஸ் ஒத்தடம்.

ஆறு கொட்டைகளை வைத்துக்கொண்டு யோசித்தேன். ஏழாவது இடத்தைக் காலியாகவே விட்டேன். ஆறு பேரும் முடித்தபின் அந்த இடத்தை எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு எண்ணிக்கை.

29.12.2024, ஞாயிறு

காலை பத்து மணி ஸ்லாட். முப்பது பேர் இருக்கலாம், பாதி தாய்மார்கள். கேன்டீன் கூட்டம் இதைவிட அதிகம். தாளம் தட்டிச் சொல் சொல்லும் நட்டுவாங்கம் நான். முதல் தடவை ஆறு பேரும் வலக்கோடியைப் பார்த்தபோது மிருதங்கக்காரரும் திரும்பிப் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று. மூன்றாவது வரிசையில் பரீட்சை முடிந்த அந்தப் பெண். ஒவ்வொரு ஏழுக்கும் அவள் கழுத்து சரியாக அசைந்தது.

30.12.2024, திங்கள்

நடனக் கலைஞர் சந்திரலேகா மறைந்து இன்றோடு பதினெட்டு வருஷம். 1952-ல் ராயலசீமா வறட்சி நிதிக்காக ஆடினார். ‘மதுரா நகரிலோ’ என்ற உருப்படியில் யமுனையில் தண்ணீர் புரண்டோடுவதை அபிநயித்துக்கொண்டிருக்கும்போதே, எதற்காக ஆடுகிறோம் என்பது உறைத்து நின்றுவிட்டாராம். ஆடும்போதே தன்னை வெளியிலிருந்து பார்த்துவிட்டார். ‘அங்கிகா’ என்ற தன் நடனப் படைப்பை அமைத்தது 1985-ல். எனக்கு வெளியிலிருந்து பார்க்க ஒரு சவ்வு கிழிய வேண்டியிருந்தது.

சாயங்காலம் விஜயதசமிப் பிள்ளைகள் வந்தார்கள். நாட்டியாரம்பத்தில் நிற்கச் சொன்னேன். அந்தப் பொடிசுக்கு இடது முழங்கை இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அது நான் ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை. பெரிய அக்காக்களைப் பார்த்திருக்கிறது.

கழியால் கீழிருந்து மெல்லத் தூக்கிவிட்டேன். கழியை எடுத்ததும் இறங்கியது.