பீஸ் லில்லி: பச்சையான பூவும் மறுபடி வந்த மொட்டும்

போன ஆவணியில் பீஸ் லில்லி என்ற இந்த வீட்டுச் செடியை நர்சரியிலிருந்து வாங்கி வந்தபோது தொட்டியில் ஐந்து பூ இருந்தது. மூன்றே வாரத்தில் வெள்ளை மங்கிப் பச்சை ஏறியது. ஏதோ நோய் என்று பயந்து இரண்டை வெட்டிவிட்டேன். அந்த இரண்டும் இன்றைக்கும் உறுத்துகிறது.

மீதி மூன்றை அப்படியே விட்டு, தினமும் பார்த்தேன். பச்சை முதலில் நடு நரம்பில் தெரிந்தது, பிறகு விளிம்புக்குப் பரவியது. நாம் பூ என்று சொல்லும் அந்த வெள்ளை உண்மையில் ஒரு இலைதான். தாழம்பூ மடல் மாதிரி ஒரு மடல். நிஜப் பூக்கள் நடுவில் நிற்கும் கதிரில் பொடிப்பொடியாக நெருக்கி இருக்கின்றன. கீழே இலைமேல் மாவு தூவியதுபோல் ஏதோ கிடந்தது, அது மகரந்தம். பூக்களின் வேலை முடிந்ததும் மடலில் பச்சையம் ஊறுகிறது, அதுவும் இலையைப் போல உணவு தயாரிக்கிறது. ஆக, பச்சையாவது வயது, நோய் அல்ல. பழுப்பானதும் காம்பை அடியில் வெட்டினால் போதும். அதே காம்பில் மறுபடி பூ வராது.

அப்புறம் நான்கைந்து மாதம் ஒரு மொட்டுகூட இல்லை. ஹாலின் மூலையில் இலை மட்டும் கருகருவென்று தழைத்தது. உரம் போட்டேன், இன்னும் இலைதான் வந்தது. தழைச்சத்து கூடினால் அப்படித்தான். விற்பனைக்கு வளர்க்கும் இடங்களில் ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தெளித்துப் பூக்கவைப்பது வழக்கம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வீட்டில் அது தானாகப் பூக்க வெளிச்சம் வேண்டும்.

தை மாதம் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றினேன். முதல் வாரமே நேர் வெயில் பட்டு ஒரு இலை வெளுத்துப்போனது. மெல்லிய திரை போட்டதும் சரியானது. மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர், உரம் கிடையாது.

பங்குனி கடைசியில் ஒரு இலைக்காம்பின் அடி லேசாகப் புடைத்திருந்தது. தடவிப் பார்த்தால் உள்ளே கெட்டியாக ஏதோ இருந்தது. நான்கு நாளில் அதைப் பிளந்துகொண்டு இளம்பச்சை மொட்டு, சுருட்டிய வெற்றிலை மாதிரி வெளியே வந்தது. விரிய விரிய வெளுத்தது. அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

வெட்டும்போது ஒன்று கவனியுங்கள்: இது சேப்பங்கிழங்கின் குடும்பம், சாறு பட்டால் அரிக்கும். குழந்தையோ பூனையோ கடித்தால் வாய் எரியும், எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இப்போது இரண்டு பூ இருக்கிறது. மூத்ததில் நடு நரம்பு பச்சையாகத் தொடங்கிவிட்டது. கத்தரிக்கோலைத் தொடவில்லை.