துதியம்பி: போதி மரத்தடியில் மறுபடியும்

கைபேசியை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புத்தகயா மகாபோதி ஆலயத்தில் அதுதான் விதி. செருப்பையும் விட்டுவிட்டுப் படி இறங்குவதற்குள் என் கை இரண்டு முறை சட்டைப் பையைத் தடவிவிட்டது. தியானத்தை விட்ட இந்த நாலு வருஷத்தில் எதைப் பயின்றிருக்கிறேன் என்பது அங்கேயே தெரிந்துபோயிற்று.

அதற்கு முன் பதினோரு வருஷம் காலையில் தவறாமல் தியானத்தில் உட்கார்ந்தவன் நான். விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. நம்பிக்கை போகவில்லை, யாரோடும் மனத்தாங்கல் இல்லை. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் ஒரு வாரம் உட்கார முடியவில்லை. சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஞாயிறும் போயிற்று. அப்புறம் அது வட்டி ஏறும் கடன் மாதிரி ஆகிவிட்டது. கடன் கொடுத்தவரைக் கண்டால் வேறு தெருவில் திரும்புவோமே, அப்படித்தான் அலமாரி மேலிருந்த புத்தர் சிலையைப் பார்க்காமலே அந்த அறையைக் கடக்கப் பழகினேன்.

கோபுரம் சுமார் 55 மீட்டர் உயரம். ஆலயம் பள்ளத்தில் இருப்பதால் இறங்க இறங்கத்தான் அந்த உயரம் உறைக்கிறது. கருவறையில் வலது கையால் பூமியைத் தொட்டபடி பொன் பூசிய புத்தர். வரிசை நகர்ந்துகொண்டே இருந்ததால் நின்று பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், நிற்காமல் நகர்த்தியது எனக்கு வசதியாகவே இருந்தது.

பின்சுவரை ஒட்டி மேற்கே, புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் கற்பீடமான வஜ்ராசனமும் போதி மரமும். புத்தர் உட்கார்ந்த அதே மரம் அல்ல இது. பழைய மரம் 1876-ல் புயலில் விழுந்துவிட, 1881-ல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் நட்ட கன்றுதான் இப்படி வளர்ந்து நிற்கிறது. முதல் தடவை வந்தபோது இதைக் கேட்டு, ‘அசல் இல்லையா’ என்று சப்பென்று ஆகிவிட்டது. இந்தத் தடவை விழுந்த வருஷத்தையும் நட்ட வருஷத்தையும் மனசுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து.

வடக்குப் பக்கம் ரத்தின சங்கிரமம். ஞானம் பெற்ற மூன்றாவது வாரத்தில் புத்தர் முன்னும் பின்னுமாக நடந்த இடம் என்று கல் தாமரைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளி திபெத்தியர்கள் மரப்பலகைகளில் விழுந்து வணங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கையில் துணியை வைத்துக்கொண்டு சர்ரென்று சறுக்கிக் கிடந்து எழுகிறார்கள். எழுந்த கையோடு மறுபடி சர்ர். ஒரு பாட்டியின் பலகையில் கை சறுக்கும் இரண்டு தடங்கள் மட்டும் கண்ணாடி போல வழுவழுத்திருந்தன. நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்தினார், யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தார், திரும்பவும் விழுந்தார். விட்ட இடத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கோ கவலைதான் பக்தி. நாலு வருஷமாகக் குற்ற உணர்ச்சியை ஒரு நல்ல குணம் போல வளர்த்து வந்திருக்கிறேன். இவ்வளவு வருந்துகிறேனே, புத்தரின் போதனையான தம்மத்தின் மேல் எவ்வளவு பற்று என்று. ஆனால் தியானத்தை மறைக்கும் ஐந்து தடைகளான நீவரணங்களின் பட்டியலில், ஆசை, பகை, சோம்பல், ஐயம் இவற்றோடு ‘உத்தச்ச குக்குச்சம்’ என்று ஒன்று இருக்கிறது. உத்தச்சம் அலைபாய்தல், குக்குச்சம் செய்ததையும் செய்யாததையும் எண்ணி மருகுதல். காற்று கலக்கிய தண்ணீரில் முகம் தெரியாது என்று புத்தரின் உரைகளான சுத்தங்களில் அதற்கு உவமை. எத்தனையோ முறை படித்த பட்டியல்! என் வருத்தமும் அதில்தான் இருக்கிறது என்பது அந்தப் பலகைச் சத்தத்தின் நடுவேதான் உறைத்தது.

தம்மபத உரையில் சித்தஹத்தர் கதை வரும். ஆறு முறை துறவியாகி ஆறு முறையும் காவியை விட்டு வீட்டுக்குப் போனவர். ஏழாம் முறை வந்து நின்றபோது, “மழித்து மழித்து உன் தலை சாணைக்கல் ஆகிவிட்டதே, இன்னுமா?” என்று பிக்குகள் தயங்கினார்கள். கெஞ்சிக் கேட்டுச் சேர்ந்தார். அந்த முறை சில நாட்களிலேயே முழு விடுதலை பெற்ற அரகந்தரானார். எனக்கு அந்தச் சாணைக்கல் கேலிதான் பிடித்த இடம். சங்கத்திலும் மனிதர்கள்தான் இருந்தார்கள் என்று தெரிகிறது.

மாலையில் ஒரு வயதான பிக்குவிடம், “பந்தே, நாலு வருஷமாக விட்டுவிட்டேன்” என்று ஆரம்பித்தேன். காரணங்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?”

“ஆறு மணிக்கு.”

“பத்து நிமிஷம் உட்காருங்கள்.”

கௌரவக் குறைச்சலாக இருந்தது. “அரை மணி நேரம் உட்காருகிறேன், பந்தே” என்றேன்.

“பத்து” என்றார்.

பிறகு எங்கள் சிறு கூட்டத்துக்குத் திரிசரணமும் (புத்தர், தம்மம், சங்கம் மூன்றிலும் சரணடைதல்) பஞ்சசீலமும் (ஐந்து ஒழுக்க உறுதிமொழிகள்) சொல்லிக் கொடுத்தார். ‘துதியம்பி புத்தம் சரணம் கச்சாமி’, இரண்டாம் முறையும் புத்தரைச் சரணடைகிறேன். ‘ததியம்பி’, மூன்றாம் முறையும். இத்தனை வருஷமும் அதை வெறும் சடங்கு என்றே கடந்திருக்கிறேன். ஒரு முறை போதாது என்று அதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். சீலங்களில் நாலு வரை நாக்கு தானாகவே ஓடியது. போதைப் பொருளை விலக்கும் ஐந்தாவதில், ‘சுராமேரய மஜ்ஜ…’ என்று தொடங்கி அந்த நீளச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் குரலை மட்டும் மெதுவாக்கினார். ‘பமாதட்டானா’ என்று பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அதிகாலை 5 மணிக்கே போய் மரத்தடிச் சுற்றுச்சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது. மூச்சு நாலைந்துதான் எண்ணியிருப்பேன், ஓர் இலை சுழன்று சுழன்று விழுந்தது. அதை எடுக்க மூன்று பேர் பாய்ந்தார்கள். நானும் பாதி எழுந்துவிட்டேன். இலை வேறு யாருக்கோ கிடைத்தது. திரும்பக் காலை மடக்கி உட்கார்ந்து ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் ஆயிற்றா என்று பார்க்கக் கையில் கைபேசியும் இல்லை.