மூன்று மொழிக்கும் ஒரே வார்ப்புரு

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டிய ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி என்று நாள் முழுக்கச் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே தாளில் கலந்து வரும். ஆவணம் தட்டச்சு செய்யும் மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரை இந்த வேலைக்கு ஏற்ப ஒழுங்குபடுத்திய விதத்தை, இதே வேலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் கருவிப்பட்டையில்தான் முதலில் கை வைப்பார்கள். நான் பாணிகளில், அதாவது எழுத்துரு, அளவு, இடைவெளி போன்றவற்றை ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் அமைப்புகளில், தொடங்கினேன். காரணம் இருக்கிறது. ரைட்டரில் ஒரு பாணிக்குள் ஆங்கிலம் போன்ற மேற்கத்திய எழுத்துக்கு ஓர் எழுத்துரு, சீனம் போன்ற ஆசிய எழுத்துக்கு ஒன்று, இந்திய, அரபு எழுத்துகளுக்கு ஒன்று என்று தனித்தனி இடங்கள் உள்ளன. தமிழும் சிங்களமும் அந்தக் கடைசி இடத்தையே பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே ஒரே பாணியில் தமிழுக்கு லதா எழுத்துருவும் சிங்களத்துக்கு இஸ்கோல பொத எழுத்துருவும் கொடுக்க வழியில்லை. ஆங்கில எழுத்தின் அளவை மாற்றினால் தமிழ் அசையாமல் நிற்பதும் இதனால்தான். (அந்த இடம் கண்ணில் படாவிட்டால், அமைப்புகளின் மொழிப் பகுதியில் அதை இயக்க வேண்டும்.)

எனவே எஃப்11 விசையை அழுத்திப் பாணிப் பலகையைத் திறந்து, தமிழுக்கு ஒரு பத்திப் பாணியும் சிங்களத்துக்கு இன்னொன்றும் உருவாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய எழுத்துருவையும் மொழியையும் கொடுத்தேன். வரி இடைவெளியை 'நிலையானது' என்று வைக்கவே கூடாது. அளவு சற்றுக் குறைந்தாலும் எழுத்தின் மேலும் கீழும் உள்ள குறிகள் வெட்டுப்பட்டுவிடும். 'கீ' தலையில்லாமல் அச்சாகி வந்தால் அந்தத் தாளை யாரிடம் நீட்டுவது?

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வரும் கோவைகள் வேறு கதை. பார்வைக்குத் தமிழ், கணினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகள். அதனால் அவை மேற்கத்திய எழுத்துருவின் பக்கம் போய்விடுகின்றன, தமிழ்ப் பாணி அவற்றைத் தொடுவதேயில்லை. இவற்றை முதலில், தமிழைத் தமிழாகவே கணினிக்குக் காட்டும் யுனிகோடுக்கு மாற்றிவிட்டே வார்ப்புருவுக்குள், அதாவது இந்தப் பாணிகளோடு தயாராக வைத்திருக்கும் மாதிரிக் கோவைக்குள், ஒட்டுகிறேன்.

அடுத்தது குறுக்குவிசை. கருவிகள் மெனுவில் தனிப்பயனாக்கத்தைத் திறந்தால் விசைப்பலகைக்கென்று ஒரு பக்கம் வரும். எந்த விசைக்கு என்ன வேலை என்ற முழுப் பட்டியலும் அங்கே இருக்கிறது. வெறுமையாக உள்ளவை நமக்கு. வகைகளில் பாணிகளைத் தேர்ந்து, நாம் உருவாக்கிய பாணியை விசையோடு இணைக்கலாம். கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்தும் விசைகளை நான் தவிர்த்தேன். சில விசைப்பலகை அமைப்புகளில் அந்தச் சேர்க்கை எழுத்து இடுவதற்கே பயன்படுகிறது. எஃப் வரிசை விசைகள் எந்த மொழியில் தட்டச்சு செய்தாலும் மாறுவதில்லை.

ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் அடியிலும் வரும் சான்றுறுதி வாசகத்தைத் தானியங்கு உரையாக வைத்தேன். கன்ட்ரோல் எஃப்3 அழுத்திச் சேர்ப்பது. பிறகு சுருக்கத்தை அடித்து எஃப்3 அழுத்தினால் முழு வாசகமும் வந்துவிடும். மூன்று மொழியிலும் ஒவ்வொன்று. இதுதான் எனக்கு அதிகம் உதவுகிறது. ஒரு சொல் விடுபட்டாலும் சான்றிதழ் திரும்பிவிடக்கூடிய இடம் அது.

கருவிப்பட்டையில் தேவையில்லாத பொத்தான்களை எடுத்துவிட்டு, அட்டவணை, பக்க முறிவு, பிடிஎஃப் ஏற்றுமதி ஆகியவற்றை முன்னே கொண்டுவந்தேன். அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஏ4 தாளில் அமைத்து, வார்ப்புருவாகச் சேமித்து, அதையே இயல்பு வார்ப்புருவாக்கினேன். பிறகு வார்ப்புருவைத் திருத்தினால், அதிலிருந்து பிறந்த பழைய கோவையைத் திறக்கும்போது பாணிகளைப் புதுப்பிக்கலாமா என்று ரைட்டர் கேட்கும். பழையதை வைத்துக்கொள் என்று ஒருமுறை சொன்னால் அந்தக் கோவைக்கும் வார்ப்புருவுக்குமான தொடர்பு அறுந்துவிடும். கையொப்பம் வைத்துக் கொடுத்து முடிந்த ஆவணங்களுக்கு நான் வேண்டுமென்றே அப்படித்தான் பதில் சொல்கிறேன். அவை மாறக் கூடாது.

கருவிப்பட்டை மாற்றத்தை வார்ப்புருவுக்குள்ளேயே சேமிக்கலாம். குறுக்குவிசைகள் அதற்குள் போகா. அவை அந்தக் கணினியில்தான் இருக்கும். ஆகவே விசைப்பலகைப் பக்கத்திலுள்ள சேமிப்புப் பொத்தானால் அவற்றைத் தனிக் கோப்பாக எடுத்து, வார்ப்புருவோடு சேர்த்து பென் டிரைவில் வைத்திருக்கிறேன். அடுத்த மேசையில் இருக்கும் அக்காவின் கணினியிலும் அந்த இரண்டையும் ஏற்றிக் கொடுத்துவிட்டேன்.