ஞாயித்துக்கெழமை அரம், புதன்கெழமை அரம்

நேத்து பொழுதோட நான் நடத்தற நகை செய்யற கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் கெளம்பினதுக்கு அப்புறம் பட்டறையை கூட்டி அள்ளிட்டு (அதையும் சும்மா கூட்டிற முடியாதுங்க, அரப்பொடி பூரா டப்பாவுக்குள்ள போகணும், கோயமுத்தூர்ல தங்க வேலை நடக்கற சந்துகள்ல சாக்கடை மண்ணை அரிச்சே பொழைக்கறவங்க இருக்காங்க) என்ற மேசைக்கு வந்து துணியை எடுத்துப் பாத்தா அந்த வெள்ளி காறை (கழுத்தை ஒட்டிப் போடற வளையம்) மூணு வாரத்துக்கு முன்னாடி எப்படி வச்சனோ அப்படியே கெடக்குது. அதுல பதிக்க வாங்கின மூணு வெளிர்நீலக் கல்லு தீப்பெட்டிக்குள்ள பஞ்சுல தூங்குது. பத்தவைக்கற வேலை (சூட்டுல உலோகத்தை ஒட்டவைக்கறது) முடிஞ்சாத்தான் கல்லு வைக்க முடியும், சூடு பட்டா விரிசல் விட்டுரும்.

சனி ஞாயிறு ரெண்டு நாள்தான கிளாஸு, மிச்ச அஞ்சு நாளும் உனக்குத்தானன்னு என்ற தங்கச்சி கேக்கறா. கணக்கு அப்படி வராதுங்க. வெள்ளிக்கெழமை பூரா செப்புத் தகடு வெட்டி வைக்கணும், கம்பி இழுத்து வைக்கணும், வெங்காரம் (பத்தவைக்கறப்ப போடற உப்பு) இருக்கா கேஸ் இருக்கான்னு பாக்கணும். திங்கக்கெழமை கிளாஸுக்கு வந்தவங்க ஒடச்சுப் போட்ட ரம்ப பிளேடை எண்ணி பெருமூச்சு விடணும். செவ்வாக்கெழமை கொலுசு ரிப்பேரு, கொழந்தைக்கு அரணாக்கொடி, இந்த மாதிரி ஆர்டரு. மிச்சம் புதனும் வியாழனும், அதுலயும் ஒரு ஒறம்பரை வூட்டு விசேஷம் வந்துரும்.

நேரத்தைக்கூட எப்படியோ தேத்திறலாம், கண்ணைத்தான் தேத்த முடியல. ரெண்டு நாளு ஏழு பேரு கையில இருக்கற தப்பை மட்டும் தேடிட்டு இருந்த கண்ணு, என்ற வேலைக்கு வந்தாலும் தப்பைத்தான் தேடுது. போன வருசம் செஞ்சதை எல்லாம் ஒரு நாள் வரிசையா வச்சுப் பாத்தேன், எல்லாமே கிளாஸ்ல காட்டற சாம்பிளாட்ட இருந்துச்சு. இது ஏன் இப்படின்னு யாரு கேட்டாலும் பதில் சொல்ற மாதிரி சுத்தமா, பத்திரமா. சொல்லித்தர முடியாத எதையும் நான் செய்யறதே இல்லைன்னு அன்னிக்குத்தான் ஒறச்சுது.

எங்கப்பா எனக்கு வாயால ஒண்ணுமே சொல்லித்தரலைங்க. கோயமுத்தூர் ராஜ வீதி நகைக்கடைகளுக்கு வேலை செஞ்சவரு, வாயில ஊதுகுழல் வச்சு ஊதியே பத்தவைப்பாரு. ஒருத்தன் உள்ளர்த்தம் வச்சுப் பேசினா பொடி வச்சு ஊதறான்னு சொல்றோம் பாருங்க, அது எங்க தொழில்ல இருந்து ஊருக்குள்ள போன பேச்சு. "பாரு அம்மிணி"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான் பாடம். நெருப்பைத் தொட விடறதுக்கே ரெண்டு வருசம் ஆச்சு. நானு மூணு மணி நேரத்துல சொல்லணும்: பொடியை (ஒட்டவைக்கற உலோகத் தூளை) சூடு பண்ணாதீங்க, அதைச் சுத்தி இருக்கற உலோகத்தை சூடு பண்ணுங்க, எந்தப் பக்கம் சூடு அதிகமோ அந்தப் பக்கம்தான் பொடி பாயும். இதை எத்தனை தடவை சொன்னாலும் ஜுவாலையை நேரா பொடி மேலயே காட்டி அது உருண்டு உக்காந்ததும் "அக்கா, பொடி சரியில்லை"ம்பாங்க.

தட்டத் தட்ட வெள்ளி எறுகிப் போகும், மறுபடி காய்ச்சினாத்தான் வளையும். மங்கின செவப்பு வந்ததும் நிறுத்தணும். டியூப் லைட் வெளிச்சத்துல அந்த செவப்பு தெரியாது, தெரியறப்ப லேட்டாயிருக்கும், அதனால லைட்டை அணைச்சுட்டுத்தான் காட்டுவேன். இதுல எனக்கு என்ன கெரகம்னா, முன்னெல்லாம் அந்த நேரம் கையே தானா விலகிரும். இப்ப தனியா உக்காந்திருக்கப்பவும் மனசுக்குள்ள "பாருங்க, இப்பதான் மங்கின செவப்பு"ன்னு ஒரு குரல் ஓடுது, அது சொல்லி முடிக்கட்டும்னு கை காத்திருக்குது.

அப்பறம் எதுக்கு கிளாஸுன்னா, பணம்தானுங்க. வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டினதுக்கு அப்புறம், யாரு கேப்பாங்கன்னே தெரியாத ஒரு காறைக்கு கால் கிலோ வாங்கிப் போட நெஞ்சு வேணும். வெள்ளி வெலைக்கு மூச்சு விடாம குடுக்கறவங்க செய்கூலின்னதும் பேரம் பேசுவாங்க. கிளாஸ் பீஸ்ல யாரும் பேரம் பேசறதில்லை, வாடகை அதுலதான் போகுது. பணம் மட்டும்னும் சொல்லிற முடியாது. வெள்ளிக் கம்பியை துணுக்கு துணுக்கா வெட்டி கரி மேல வச்சு தீ காட்டினா ஒவ்வொண்ணும் தானா சுருண்டு உருண்டையாயிரும், மொத தடவை அதைப் பாக்கறவங்க மூஞ்சி இருக்கே, போன மாசம் ரிட்டயர்டு பேங்க் அம்மா ஒருத்தங்க கை தட்டிட்டாங்க.

அந்த சந்தோசத்துலதான் ஏமாந்தேன். இஞ்சினியரிங் படிக்கற தம்பி ஒருத்தன் காலேஜ் புராஜெக்ட்ல ஈயம் வச்சு சால்டர் பண்ணின எதையோ பையில கொண்டு வந்து, பிரேக்ல என்ற அரத்தை எடுத்து தேச்சிருக்கான். எனக்குத் தெரியாது. மூணு வாரத்துக்கு முன்னாடி புதன்கெழமை அதே அரத்துல காறையோட இணைப்பைத் தேச்சுட்டு தீ வச்சேன். வெள்ளி உருக 900 டிகிரிக்கு மேல வேணும், ஈயத்துக்கு 327 போதும், தூளு துளியூண்டு ஒட்டியிருந்தாலும் சூட்டுல வெள்ளியைத் தின்னுட்டு உள்ள எறங்கிரும். கண்ணு முன்னாடியே அம்மைத் தழும்பாட்ட குழி குழியா விழுந்துச்சு. மளார்னு தீயை எடுத்தும் பிரயோஜனம் இல்லை, அந்தத் துண்டு போனது போனதுதான். அவனைத் திட்டவும் மனசு வரலை, ஈயம் ஆகாதுன்னு நான்தான் ஒரு நாளும் சொன்னதில்லையே.

நொய்யல் கரை கொடுமணல்ங்கற பழங்கால ஊர்ல 1980கள்ல இருந்து தோண்டினதுல முழுசா முடிச்ச கல்மணிகளோட, பாதி செஞ்சு விட்ட மணிகளும் நெறைய கெடச்சுதுங்க. அதைப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரே நெனப்பு, அந்தப் பாதி மணியெல்லாம் கத்துக்க வந்த பொடுசுக சொதப்பினதோ என்னமோ. இல்லைன்னா சொல்லிக்குடுத்தே பொழுது போயி வாத்தியாரே பாதியில வச்சதாவும் இருக்கலாம்!

இப்ப அரம், குறடு எல்லாமே ரெண்டு செட்டு. கிளாஸ் சாமானுக்கு சிவப்பு டேப்பு, என்றது பூட்டுன டிராயர்ல. குழி விழுந்த துண்டை வெட்டி எடுத்து ஒரு அட்டையில கட்டி செவுத்துல மாட்டினேன், ஈயம் பட்டா இப்படித்தான் ஆகும்னு காட்டறதுக்கு. மாட்டினதுக்கு அப்பறம்தான் சிரிப்பு வந்துச்சு, அதையும் கிளாஸே எடுத்துக்கிச்சு பாருங்க.

காறைக்கு புதுசா கம்பி இழுத்து வச்சிருக்கேன். இந்தத் தடவை நடுவுல ஒரு முறுக்கு வருது, அதை எப்படிப் பண்ணறேன்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியாது. நேத்து ராத்திரி ஒருத்தங்க போன் பண்ணி புதன்கெழமை பேட்ச் இருக்குங்களான்னு கேட்டாங்க, பீஸ் எவ்வளவுன்னாலும் பரவாயில்லையாம். வாய் வரைக்கும் வந்துருச்சுங்க. புதன்கெழமை பட்டறை லீவுன்னு சொல்லிட்டு போனை வச்சேன்.